உருபு இல்லாத வாக்கியம்: ஃபங்ஷனுக்குப் பெயரும் ஆர்கியுமென்ட் வரிசையும் தேர்வது எப்படி

வட்டி(50000, 8, 3)

ஒரு நிரலின் நடுவே இந்த வரி மட்டும் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50000 என்பது அசல் என்று எவரும் ஊகித்துவிடுவர். மற்ற இரண்டில் எது விகிதம், எது ஆண்டு என்பதை வரி சொல்லவில்லை. அதை அறிய வேண்டுமென்றால் ‘வட்டி’ என்ற அந்த ஃபங்ஷன், அதாவது பெயரிட்டு வைத்து வேண்டும்போது அழைக்கும் நிரல்துண்டு, எழுதப்பட்ட கோப்பைத் தேடித் திறக்க வேண்டும்.

நிரல் எழுதப் பழகிய புதிதில் நான் இப்படியொரு ஃபங்ஷனை எழுதி, அழைக்கும் இடத்தில் விகிதத்தையும் ஆண்டையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். தனிவட்டிக் கணக்கு என்பதால் தவறு பல மாதங்கள் வெளியே தெரியவில்லை: 8 விழுக்காட்டில் 3 ஆண்டு என்றாலும், 3 விழுக்காட்டில் 8 ஆண்டு என்றாலும் பெருக்கி வருவது அதே 12,000 ரூபாய்தான். கணக்கைக் கூட்டுவட்டிக்கு மாற்றிய அன்றுதான் 12,985 ரூபாய் 60 காசு வர வேண்டிய இடத்தில் 13,338 ரூபாய் 50 காசு வந்து நின்றது. புதிதாக எழுதிய சூத்திரத்தில்தான் பிழை என்று எண்ணி ஒரு நாள் முழுவதும் அதையே துருவிக்கொண்டிருந்தேன். சூத்திரம் சரியாகத்தான் இருந்தது. பிழை அதற்குப் பல மாதம் முன்பே, அழைத்த வரியில் குடியேறியிருந்தது.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஃபங்ஷனை எழுதும்போது ‘அசல், விகிதம், ஆண்டு’ என்று நாம் குறித்து வைக்கும் பெயர்கள் பாராமீட்டர்கள்; அழைக்கும்போது அந்தப் பெயர்களுக்கு உரியனவாக நாம் கொடுக்கும் 50000, 8, 3 ஆகிய மதிப்புகள் ஆர்கியுமென்ட்டுகள். பள்ளிப் பாடநூல்கள் இவற்றை முறையே அளபுரு, செயலுருபு என்றும், ஃபங்ஷனைச் செயற்கூறு என்றும் வழங்குகின்றன. பேச்சிலும் அலுவலகத்திலும் ஆங்கிலச் சொற்களே புழங்குவதால் நானும் அவற்றையே பயன்படுத்துகிறேன். எனினும் ‘செயலுருபு’ என்ற சொல்லில் ‘உருபு’ இருப்பது தமிழ் இலக்கணம் படித்தவருக்கு ஒரு நல்ல தொடக்கம்.

‘கண்ணன் முருகனுக்குப் புத்தகத்தைக் கொடுத்தான்’ என்ற வாக்கியத்தை எப்படிப் புரட்டிப் போட்டாலும் பொருள் மாறாது. ‘புத்தகத்தை முருகனுக்குக் கண்ணன் கொடுத்தான்’ என்றாலும் கொடுத்தவன் கண்ணன்தான், பெற்றவன் முருகன்தான். ஏனெனில் ‘கு’, ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபுகள் யார் யார், எது எது என்பதைச் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் அந்த வேலையின் பெரும்பகுதியைச் சொல் நிற்கும் இடம் செய்கிறது. நிரல் மொழிகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் சூழலிலும் கணிதக் குறியீட்டின் வழியிலும் வளர்ந்தவை. ஆகவே கொடு(கண்ணன், முருகன், புத்தகம்) என்று எழுதும்போது உருபுகள் உதிர்ந்துவிடுகின்றன. முதலிடம் கொடுப்பவருக்கு, இரண்டாமிடம் பெறுபவருக்கு என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால்தான் பொருள் நிற்கும். பெயரும் வரிசையும் தேர்வது என்ற இந்தக் கலை முழுவதும், உதிர்ந்துபோன உருபுகளை வேறு எப்படி ஈடுகட்டுவது என்ற கேள்விக்கு விடைதான்.

ஒரு வழி, மொழியே உருபைத் திருப்பிக் கொடுப்பது. பைத்தான் என்ற நிரல் மொழியில் மேற்கண்ட வரியை இப்படியும் எழுதலாம்:

வட்டி(அசல்=50000, விகிதம்=8, ஆண்டு=3)

இனி வரிசையை எப்படி மாற்றினாலும் விடை மாறாது. இவை கீவேர்டு ஆர்கியுமென்ட்டுகள் எனப்படும். (தமிழ்ப் பெயர்கள் விளக்கத்துக்காகப் போட்டவை அல்ல; 2008இல் வெளியான பைத்தான் 3.0 முதல் தமிழ் எழுத்துகளில் அமைந்த பெயர்களை அம்மொழி ஏற்கிறது. மொழியின் கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கும்.) ஆனால் எல்லா மொழிகளிலும் இந்த வசதி இல்லை. சி மொழியில் இல்லை, ஜாவாவில் இல்லை, கோ மொழியிலும் இல்லை. அங்கெல்லாம் வரிசையைப் பற்றிய மரபுதான் ஒரே துணை.

மரபு பிளந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சி மொழியை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. நினைவகத்தின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு பைட்டுகளை நகலெடுக்க மெம்காப்பி என்ற ஃபங்ஷன் உண்டு. அதற்கு முதலில் சேருமிடத்தையும், அடுத்து மூலத்தையும், கடைசியாக அளவையும் கொடுக்க வேண்டும். சேருமிடம் ஏன் முதலில்? ‘அ = ஆ’ என்று எழுதும்போது இடப்பக்கத்தில் இருப்பதுதான் மதிப்பைப் பெறுகிறது; அதே முறையைத்தான் மெம்காப்பியும் பின்பற்றுகிறது. ஆனால் யூனிக்ஸ் இயங்குதளத்தின் பெர்க்லி கிளையிலிருந்து வந்த பிகாப்பி என்ற ஃபங்ஷன் ஏறக்குறைய இதே வேலையை நேரெதிர் வரிசையில், மூலம் முதலிலும் சேருமிடம் அடுத்தும் வாங்கிச் செய்தது. யூனிக்ஸ் முனையத்தில் கோப்பை நகலெடுக்கும் சிபி கட்டளையும் மூலத்தைத்தான் முதலில் கேட்கிறது. இரண்டு வரிசைக்கும் நியாயம் உண்டு. ஒன்று கணிதச் சமன்குறியின் நியாயம், மற்றொன்று ‘இங்கிருந்து அங்கே’ என்ற பேச்சின் நியாயம். தவறு எந்த ஒன்றிலும் இல்லை, இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்ததுதான் தவறு. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான 2008ஆம் ஆண்டின் பாசிக்ஸ் தரநிலை பிகாப்பியை நீக்கிவிட்டது. பின்னால் வந்த கோ மொழி நகலெடுக்கும் தன் ஃபங்ஷன்களில் சேருமிடத்தையே முதலில் வைத்தது.

சியிலேயே மெம்செட் என்று இன்னொன்று: நினைவிடம், நிரப்ப வேண்டிய மதிப்பு, அளவு என்ற வரிசையில் ஆர்கியுமென்ட்டுகளை வாங்கும். கடைசி இரண்டும் வெறும் எண்கள் என்பதால் அவற்றை இடம் மாற்றிக் கொடுத்தாலும் கம்பைலர் (நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஏற்றுக்கொள்ளும். விளைவு, ‘100 பைட்டுகளைப் பூஜ்யத்தால் நிரப்பு’ என்பது ‘பூஜ்ய பைட்டுகளை 100 என்ற மதிப்பால் நிரப்பு’ என்றாகி, நிரல் எதையுமே நிரப்பாமல் அமைதியாகக் கடந்துபோகும். இந்தத் தவறு எவ்வளவு அடிக்கடி நேர்ந்திருந்தால், ஜிசிசி கம்பைலர் இதற்கென்றே தனி எச்சரிக்கை ஒன்றை வைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே வகை மதிப்புகள் இரண்டு அடுத்தடுத்து நிற்கும் இடம்தான் வழுக்கும் இடம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். என் வட்டிக் கணக்கு வழுக்கி விழுந்ததும் அங்கேதான்.

பிஎச்பி மொழியைப் பயன்படுத்தியவர்களுக்கு வைக்கோற்போரும் ஊசியும் நினைவுக்கு வரும்: தேடும் இடம் வைக்கோற்போர், தேடப்படுவது ஊசி. ஒரு சரத்துக்குள் (எழுத்துத் தொடருக்குள்) இன்னொரு சரத்தைத் தேடும் ஃபங்ஷன் வைக்கோற்போரை முதலிலும் ஊசியை அடுத்தும் கேட்கும். ஒரு பட்டியலுக்குள் மதிப்பொன்றைத் தேடும் ஃபங்ஷன் ஊசியை முதலிலும் போரை அடுத்தும் கேட்கும். ஆண்டுக்கணக்கில் அம்மொழியில் எழுதியவர்களும் ஒவ்வொரு முறையும் கையேட்டைப் புரட்டுவார்கள். நினைவாற்றல் குறைவு என்று அவர்களைச் சொல்ல முடியாது.

அப்படியானால் புதிதாக ஒரு ஃபங்ஷன் எழுதுகிறவர் எந்த வரிசையைத் தேர்வது? என் விடை சற்றுச் சலிப்பூட்டும்: அந்த மொழியில், அந்தத் தொகுப்பில் ஏற்கெனவே உள்ளவர்கள் எதைத் தேர்ந்தார்களோ அதையே தேருங்கள். கோ மொழியில், வேலையின் காலக்கெடு, ரத்து போன்ற சூழல் தகவலைச் சுமக்கும் கான்டெக்ஸ்ட் என்ற மதிப்பு எப்போதும் முதல் ஆர்கியுமென்ட்டாகவும், பிழை எப்போதும் கடைசியாகத் திரும்பும் மதிப்பாகவும் வரும். அதை மாற்றி எழுதினாலும் நிரல் ஓடும், ஆனால் படிப்பவர் ஒவ்வொருவரும் அந்த வரியில் தடுக்குவார்கள். தேதியைக் கொடுக்கும்போது நாம் 15-8-1947 என்று நாளில் தொடங்கி எழுதிப் பழகியிருந்தாலும், பைத்தானின் தேதி வகை ஆண்டு, மாதம், நாள் என்றுதான் வாங்குகிறது. உங்கள் ஃபங்ஷனும் அவ்வாறே வாங்கட்டும். பின்பற்ற எந்த முன்மாதிரியும் இல்லாத இடத்தில்தான் சொந்த யோசனை தேவைப்படும். அங்கே, எதன் மீது வேலை நடக்கிறதோ அது முதலில், அந்த வேலைக்கு இன்றியமையாதவை அடுத்து, விட்டுவிட்டாலும் குறையில்லாதவை கடைசியில் என்று வைத்தால் பெரும்பாலும் தவறு நேராது.

விட்டுவிடக்கூடியவற்றுக்கு முன்னிருப்பு மதிப்பு, அதாவது எதுவும் கொடுக்காதபோது எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பு, கொடுப்பது வழக்கம். அதில் பைத்தான் பழகுபவர் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்று உண்டு. அதை அருகில் சென்று பார்ப்பது நல்லது. ஒரு பொருளைக் கூடையில் சேர்த்து, கூடையைத் திருப்பித் தரும் ஃபங்ஷனை இப்படி அறிவிக்கிறோம். கூடை எதுவும் கொடுக்கப்படாவிட்டால் வெறும் கூடையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது நம் எண்ணம் ([] என்பது வெறும் பட்டியல்):

கூடையில்_சேர்(பொருள், கூடை=[])

கூடையில்_சேர்("கத்தரி") என்று அழைத்தால் கத்தரி மட்டும் உள்ள கூடை வருகிறது. சரிதான். அடுத்து, வேறொரு வாடிக்கையாளருக்காகக் கூடையில்_சேர்("முருங்கை") என்று அழைத்தால் கத்தரியும் முருங்கையும் சேர்ந்தே வருகின்றன. முன்னிருப்பு மதிப்பை பைத்தான் ஒவ்வோர் அழைப்பின்போதும் புதிதாக உருவாக்குவதில்லை; ஃபங்ஷனின் அறிவிப்பைப் படிக்கும் அந்த ஒரே முறைதான் உருவாக்குகிறது. கடைக்கு ஒரே கூடையை வாங்கி வைத்துவிட்டு, வருபவர் எல்லோருக்கும் அதையே நீட்டுவது போன்றது இது. ஆகவே அம்மொழியின் மரபு, முன்னிருப்பாக ‘நன்’ (None) என்ற வெறுமையைக் கொடுத்துவிட்டு, உள்ளே நுழைந்ததும் கூடை வெறுமையாக இருந்தால் புதுப் பட்டியல் ஒன்றை உண்டாக்கிக்கொள்வது. இரண்டு வரி கூடுகிறது, தவிர்க்க முடியாது.

ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்பு கொண்ட பூலியன் ஆர்கியுமென்ட்டுகள் வேறு வகைத் தொல்லை. அறிக்கை_அனுப்பு(மாதம், ட்ரூ, ஃபால்ஸ்) என்று இருந்தால் எதற்கு ஆம், எதற்கு இல்லை? எழுதியவருக்கு மட்டும், அதுவும் அன்றைக்கு மட்டும் தெரியும். பைத்தானை உருவாக்கியவர்களே இதில் ஒருமுறை மனம் மாறியிருக்கிறார்கள். வரிசைப்படுத்தும் சார்ட்டட் என்ற ஃபங்ஷனுக்கு, இறங்கு வரிசை வேண்டுமா என்பதைப் பைத்தான் 2இல் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். பைத்தான் 3இல் பெயர் சொல்லித்தான் கொடுக்க முடியும். பெயர் சொல்லிக் கொடுக்கும் வசதி இல்லாத மொழியில் ஃபங்ஷனையே இரண்டாக உடைத்து, அச்சில்_அனுப்பு, மின்னஞ்சலில்_அனுப்பு என்று இரு பெயர் வைத்துவிடுவது மேல்.

பெயர்களுக்கு வருவோம். இங்கேதான் ‘மரபு’ என்ற சொல் தன் முழு இலக்கணப் பொருளில் பொருந்துகிறது. குயில் கூவும், மயில் அகவும், ஆந்தை அலறும் என்று பள்ளியில் மரபுச்சொற்கள் படித்திருக்கிறோம். ‘மயில் கூவியது’ என்று எழுதினால் பொருள் விளங்காமல் போவதில்லை. ஆனால் மரபறிந்தவர் காதில் அது இடறும், ஒருவேளை எழுதியவர் குயிலைத்தான் சொல்ல வந்தாரோ என்ற ஐயமும் எழும். நிரலிலும் அப்படித்தான். 2001இல் கீடோ வான் ரோசமும் பேரி வார்சாவும் தொகுத்த பெப் 8 என்ற பைத்தான் நடைக்கையேடு, ஃபங்ஷன்களின் பெயரைச் சிறிய எழுத்துகளில், சொற்களுக்கிடையே அடிக்கோடு இட்டு எழுதச் சொல்கிறது. பொருள்களை வார்த்தெடுக்கும் அச்சு போன்ற கிளாஸ் என்னும் வகுப்புகளின் பெயரில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். எனவே பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர் ஒன்றுக்குப் பின் அடைப்புக்குறி வந்தால், இங்கே புதிதாக ஒரு பொருள் உருவாகிறது என்று பைத்தான் அறிந்தவர் யோசிக்காமலே புரிந்துகொள்வார். ஜாவாவிலோ முதல் சொல் சிறிய எழுத்திலும் அடுத்தடுத்த சொற்கள் பெரிய எழுத்திலும் தொடங்கி, ஒட்டக முதுகு போல ஏறி இறங்கும். பைத்தானின் சொந்த நூலகத்திலேயே நிகழ்வுகளைப் பதியும் லாக்கிங், நிரலைச் சோதிக்கும் யூனிட்டெஸ்ட் ஆகிய இரண்டில் இந்த ஒட்டகப் பெயர்களைக் காணலாம். ஜாவா உலகின் கருவிகளைப் பார்த்து எழுதப்பட்டவை அவை. இன்று அவற்றை மாற்றினால் உடையும் நிரல்களுக்குக் கணக்கிருக்காது என்பதால் அப்படியே நிற்கின்றன.

ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுழற்சியில் எண்ணுவதற்கு ஐ, ஜே, கே என்ற ஓரெழுத்துப் பெயர்கள் ஏன்? கணிதத்தில் அணிகளின் வரிசை எண்களுக்கு இவை பழகிய குறியீடுகள். 1957இல் வந்த ஃபோர்ட்ரான், ஐ (I) முதல் என் (N) வரையிலான எழுத்துகளில் தொடங்கும் பெயர்களை முழு எண்களாகவே கொண்டு அப்பழக்கத்தை நிலைப்படுத்தியது. எனவே மூன்று வரிச் சுழற்சியில் ஐ என்று எழுதுவதில் குறையில்லை. அதே ஓரெழுத்தை நாற்பது வரி தள்ளி மீண்டும் பயன்படுத்தினால்தான் தொல்லை. பெயரின் நீளம் அது வாழும் பரப்புக்கு ஏற்ப இருக்கட்டும்.

ஒரு ஃபங்ஷன் எதையாவது செய்தால் அதன் பெயர் வினையாகவும், எதையாவது கேட்டறிந்தால் கேள்வியாகவும் இருப்பது பல மொழிகளின் வழக்கம். ரூபி மொழி, பெயரின் முடிவில் கேள்விக்குறியையே அனுமதிக்கிறது. தமிழில் பெயர் வைப்பவருக்கு இங்கே ஒரு கொடுப்பினை உண்டு. ‘ஆ’ என்ற வினாவெழுத்து ஒன்றே போதும். காலியா(கூடை) என்றால் விடை ஆம் அல்லது இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. பைத்தானில் சார்ட் என்பது கொடுத்த பட்டியலையே கலைத்து அடுக்கும். சார்ட்டட் என்பது பழையதைத் தொடாமல், அடுக்கிய புதுப் பட்டியலைத் தரும். தமிழில் இந்த வேறுபாட்டை ஏவலும் பெயரெச்சமும் இயல்பாகச் சுமக்கும்: வரிசைப்படுத்து, வரிசைப்படுத்திய.

அலகையும் பெயரில் சேர்த்துவிடுவது நல்லது. நிரலைச் சிறிது நேரம் உறங்க வைக்கும் ஸ்லீப் என்ற ஃபங்ஷன் ஜாவாவில் மில்லிநொடியிலும் பைத்தானில் நொடியிலும் எண்ணுகிறது. ஜாவாவிலிருந்து வந்த பழக்கத்தில், இரண்டு நொடி என்று எண்ணி 2000 என்று பைத்தானில் கொடுத்தவர் 33 நிமிடம் 20 நொடி காத்திருப்பார். காத்திருப்பு_நொடி என்று பாராமீட்டருக்குப் பெயர் இருந்தால் விரல் ஒரு கணம் நின்றிருக்கும்.

தமிழில் பெயர் வைக்க விரும்புபவர் மொழிக்கு மொழி மாறும் விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோ மொழியின் விதிப்படி பெயரில் எழுத்துகளும் எண்களும் அடிக்கோடும் மட்டுமே வரலாம். யூனிகோடு நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்து என்ற வகையில் சேர்க்காமல், தனியே குறி என்ற வகையில் வைத்திருக்கிறது. அதனால் அம்மொழி ‘பல’ என்ற பெயரை ஏற்கும், ‘சில’ என்ற பெயரை மறுக்கும். மேலும், பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்தான் கோ தொகுப்புக்கு வெளியே தெரியும் என்பது அங்கே சட்டம். பெரியது சிறியது என்ற பேதமே இல்லாத நம் எழுத்தில் அமைந்த பெயர் எதுவும் வாசலைத் தாண்ட முடியாது. தமிழிலேயே நிரல் எழுத உருவாக்கப்பட்ட எழில் மொழி இதற்கு மறுமுனையில் நிற்கிறது. அதில் நிபந்தனை முன்னேயும் ‘ஆனால்’ என்ற சொல் பின்னேயும் வரும். வினை கடைசியில் நிற்கும் நம் வாக்கியத்தின் நடை அது.

பெயரைச் சொல்லி அழைக்கும் வசதிக்கு ஒரு விலை உண்டு. ‘விகிதம்’ என்ற பாராமீட்டரை நாளை ‘ஆண்டு_விகிதம்’ என்று திருத்தினால், பழைய பெயரைச் சொல்லி அழைத்த நிரல்கள் யாவும் நின்றுவிடும். 2020இல் பெயரிட்ட ஆர்கியுமென்ட்டுகளைக் கொண்டுவந்த பிஎச்பி 8.0, தன் உள் ஃபங்ஷன்களின் பாராமீட்டர் பெயர்கள் பலவற்றை அதற்கு முன்பாகவே சீர்செய்துகொண்டது இதனால்தான். 2019இல் வந்த பைத்தான் 3.8, ஒரு சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளவற்றைப் பெயர் சொல்லி அழைக்க முடியாதபடி அடைத்துவிட வழி செய்தது. அதற்கு நேர்மாறாக, ஒரு நட்சத்திரக் குறிக்குப் பின்னால் வருபவற்றைப் பெயர் சொல்லாமல் கொடுக்க முடியாது. அது பைத்தான் 3.0இலேயே வந்துவிட்டது. என் வட்டி ஃபங்ஷனை இன்று எழுதினால் இப்படித்தான் அறிவிப்பேன்:

வட்டி(அசல், *, விகிதம், ஆண்டு)

அசல் எது என்பதில் எவருக்கும் குழப்பம் வராது, ஆகவே அது குறிக்கு முன்னால். மற்ற இரண்டும் பின்னால். இப்போது வட்டி(50000, 8, 3) என்று எவராவது எழுதினால் தவறான விடைகூட வராது. டைப்எர்ரர் என்ற பிழைச்செய்தியோடு அந்த வரியிலேயே நிரல் நின்றுவிடும்.